கடற்படையைக் கட்டுவது குறித்து இளம் அதிகாரிகளிடம் முழுதாகப் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள மாநிலம் எழிமலையில், சங்கப் பாடல்கள் நன்னனின் ஏழில்மலை என்று பாடிய அதே குன்றை ஒட்டி அமைந்துள்ள இந்தியக் கடற்படை அகாடமியில், ஆண்டுக்கு இருமுறை பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடைபெறுகிறது. வெண்ணிறச் சீருடையில் இளைஞர்களும் இளம்பெண்களும் மெதுநடையில் கடந்து, பயிற்சி மாணவர்களாக வைக்கும் கடைசி அடியைத் தாண்டி அதிகாரிகளாகிறார்கள். மறுநாள் நாளிதழ்களில் அந்தப் படம் வருகிறது. பெற்றோர் பிள்ளையின் தோளில் பதவிப் பட்டையைப் பொருத்தும் காட்சி வருகிறது. கூடவே சிறப்பு விருந்தினர் உரையிலிருந்து நான்கு வரிகளும் வருகின்றன. குடியரசுத் தலைவரோ, பிரதமரோ, பாதுகாப்புத் துறை அமைச்சரோ கடற்படையினரிடம் பேசும் நாட்களில் அந்த நான்கு வரிகளில் தவறாமல் இடம்பெறுவது ஓர் எண்ணிக்கை. 2035ஆம் ஆண்டுக்குள் 175 கப்பல்கள் என்பது இப்போது அடிக்கடி சொல்லப்படும் எண்ணிக்கை. ஒரு கடற்படை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அந்த எண்ணிக்கை சொல்வதில்லை. புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரிகளுக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இது நம் நாட்டில் மட்டும் காணப்படும் வழக்கமன்று. அமெரிக்காவில் அதிபராக இருப்பவர் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு படைக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றுவது மரபு. 2018 மே 25 அன்று அன்னபோலிஸ் நகரில் உள்ள கடற்படை அகாடமியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய அதிகாரிகளிடம் பேசிய அதிபர் டிரம்ப், அமெரிக்கக் கடற்படை விரைவில் 355 கப்பல்களைக் கொண்டதாக வளரும் என்றார். அதற்கு முன்பு, 1980களில், அதிபர் ரீகனின் நிர்வாகம் 600 கப்பல்கள் என்று இலக்கு வைத்து 1987இல் 594 வரை எட்டியது. பனிப்போர் முடிந்ததும் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. 355 என்று அறிவிக்கப்பட்டபோது அவர்களிடம் இருந்தவை 300க்கும் குறைவு. அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் அந்த நிலை மாறவில்லை. பணம் இல்லாத நாடன்று அது. கட்டுவதற்குத் தளங்களும், தளங்களில் வேலை தெரிந்த ஆட்களும் போதவில்லை.

அந்த உரை நிகழ்வதற்கு ஓராண்டுக்குள் அதே கடற்படையில் நடந்தவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2017 ஜூன் 17 அன்று ஜப்பானை ஒட்டிய கடலில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற நாசகாரிப் போர்க்கப்பல் சரக்குக் கப்பலொன்றுடன் மோதியதில் 7 மாலுமிகள் இறந்தனர். ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் நீரிணை அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற நாசகாரி எண்ணெய்க் கப்பலுடன் மோதியதில் 10 பேர் இறந்தனர். எதிரியின் கை எதுவும் இல்லாத கடலில், உலகின் மிக நவீனமான கப்பல்களில் 17 உயிர்கள் போயின. இரண்டுமே தவிர்த்திருக்கக் கூடிய விபத்துகள் என்று அந்நாட்டுக் கடற்படையின் விசாரணையே ஒப்புக்கொண்டது. மெக்கெய்னில் தொடுதிரை வழியாகச் சுக்கானைக் கையாளும் புதிய முறை பொருத்தப்பட்டிருந்தது. வேகக் கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்ற முயன்றபோது சுக்கான் கட்டுப்பாடும் சேர்ந்து மாறிவிட்டது. அங்கிருந்தவர்களோ சுக்கானே செயலிழந்துவிட்டது என்று எண்ணித் தடுமாறிய நிமிடங்களில் மோதல் நடந்தது. பணியில் இருந்தவர்களில் சிலர் வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். அந்தத் திரையில் அவர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படவில்லை. இளம் அதிகாரிகளுக்கு வகுப்பறையில் மாதக்கணக்கில் அளிக்கப்பட்ட பயிற்சியை 2003ஆம் ஆண்டு வாக்கில் நிறுத்தி, குறுந்தகடுகளைக் கொடுத்துக் கப்பலிலேயே படித்துக்கொள்ளச் சொன்ன முடிவின் விளைவுகளும் அப்போது விவாதத்துக்கு வந்தன. கப்பல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதாகச் சொல்லும் எந்தத் தலைவரும் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்விகள் இவை.

நமக்கும் இத்தகைய துயரங்கள் உண்டு. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பை கடற்படைத் தளத்தில் நின்றிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியதில் 18 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆறு மாதங்களில், 2014 பிப்ரவரி 26 அன்று, சிந்துரத்னா நீர்மூழ்கியில் ஏற்பட்ட தீயில் இரண்டு அதிகாரிகள் மாண்டனர். அன்றே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 2024 ஜூலையில் மும்பை தளத்தில் பழுதுபார்ப்புப் பணியில் இருந்த பிரம்மபுத்ரா போர்க்கப்பலில் தீப்பற்றி, பின்னர் அது பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு மாலுமியை இழந்தோம். இம்மூன்றில் ஒன்றுகூடப் போரில் நேரவில்லை. கட்டிய கப்பலைப் பேணிக் காப்பதும் கடற்படையைக் கட்டும் பணியில்தான் அடங்கும். ஆயினும் மேடை உரைகளில் பராமரிப்பு என்ற சொல்லை நான் கேட்டது மிக அரிது.

கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் தரத்தைச் சோதிக்கும் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். போர்க்கப்பலுக்கும் நீர்மூழ்கிக்கும் பயன்படும் உறுதி மிக்க எஃகு, சாதாரண எஃகைப் போல எப்படிப் பற்றவைத்தாலும் பொறுத்துக்கொள்வதில்லை. வெல்டிங் ராடில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் இணைப்புக்குள் தங்கிவிடும். இணைப்பு வெளியே வழுவழுப்பாகத் தெரியும். உள்ளே விரிசல் பல மணி நேரம் கழித்துத்தான் விடும். ஆகவே ராடுகளை அதற்கான அடுப்பில் வைத்து உலர்த்தி, சூடு ஆறாத சிறு பெட்டியில் எடுத்துச் சென்று, ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். தகட்டையும் முன்கூட்டியே குறிப்பிட்ட அளவுக்குச் சூடேற்ற வேண்டும். வேலை முடிந்து இரண்டு நாட்கள் காத்திருந்த பிறகே மீயொலிச் சோதனையோ எக்ஸ்ரே படமோ எடுப்போம். படத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்துவிட்டால் அந்த இடம் முழுவதையும் குடைந்தெடுத்து மீண்டும் பற்றவைக்க வேண்டும். ஒரே இடத்தில் அப்படிச் சில முறைக்கு மேல் செய்யவும் அனுமதி கிடையாது, ஏனெனில் திரும்பத் திரும்பச் சூடேறிய எஃகு தன் இயல்பை இழந்துவிடும். குறுகிய அறைக்குள் முதுகை வளைத்துப் படுத்தவாறு, தலைக்கு மேலுள்ள இணைப்பைக் கை நடுங்காமல் முடிக்கும் வெல்டரை நாங்கள் பெயர் சொல்லித் தேடிப் போவோம். அப்படிப்பட்டவர் எந்தத் தளத்திலும் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்கு மேல் இருக்க மாட்டார்.

இத்தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு வெல்டர் தாம் தேர்ச்சி பெற்ற முறையில் ஆறு மாதங்களுக்குத் தொடர்ந்து வேலை செய்யாவிட்டால் அவருடைய தகுதிச் சான்று காலாவதியாகிவிடும். மறுபடியும் சோதனைத் துண்டைப் பற்றவைத்துக் காட்டித் தேற வேண்டும். ஆறு மாத இடைவெளியே ஒரு தொழிலாளியின் கையை ஐயத்துக்குரியதாக்கும் என்றால், ஒரு தளமே பல ஆண்டுகள் வேலையின்றி இருந்தால் என்னவாகும்? இதற்கான விடையை நம் நாடு அனுபவித்தே அறிந்திருக்கிறது. 1981இல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, இரண்டு நீர்மூழ்கிகளை அந்நாட்டின் கீல் நகரிலும் இரண்டை மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்திலும் கட்டினோம். நம் பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஜெர்மனிக்குச் சென்று பயின்று வந்தனர். மும்பையில் கட்டிய ஷல்கி 1992இலும் ஷங்குல் 1994இலும் கடற்படையில் சேர்ந்தன. மேலும் இரண்டு கட்டும் வாய்ப்பு இருந்தும், அந்த ஒப்பந்தத்தில் தரகு கைமாறியதாக எழுந்த புகாரை அடுத்து அது கைவிடப்பட்டது. ஊழல் புகாரை விசாரிக்கவே வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குற்றம் செய்தவர் யாரென்று காண்பதற்குப் பதிலாகக் கட்டுமானத்தையே நிறுத்தினோம். பயின்று வந்தவர்கள் வேறு வேலைகளுக்குப் பிரிந்தனர், வெளியேறினர், ஓய்வு பெற்றனர். மசகான் தளத்திலிருந்து அடுத்த நீர்மூழ்கியான கல்வரி கடற்படைக்குக் கிடைத்தது 2017 டிசம்பரில். இடையில் 23 ஆண்டுகள் போயின.

அதே கல்வரிக்கான ஒப்பந்தம் பிரெஞ்சு நிறுவனமொன்றுடன் 2005இல் கையெழுத்தானது. முதல் நீர்மூழ்கி 2012இல் வந்திருக்க வேண்டும். ஏன் ஐந்தாண்டுத் தாமதம் என்று கேட்டவர்கள் பலர். கற்றதை மறந்த ஒரு தளம் அதையெல்லாம் அந்தப் பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து அரிச்சுவடியிலிருந்து மீண்டும் கற்க வேண்டியிருந்தது என்பது அதற்கான காரணங்களில் தலையானது. 30 ஆண்டுகளில் 24 நீர்மூழ்கிகள் என்று 1999இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டத்தில், கல்வரி வகுப்பின், அதாவது ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்ட, ஆறு நீர்மூழ்கிகள் மட்டுமே அந்தத் தளத்திலிருந்து வெளிவந்தன. ஆறாவதான வாக்ஷீரை 2025 ஜனவரி 15 அன்று பிரதமர் மும்பையில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். சூரத், நீலகிரி ஆகிய போர்க்கப்பல்களும் அதே மேடையில் கடற்படையில் இணைந்தன. பெருமைக்குரிய நாள்தான். ஆனால் அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்கு 2021 ஜூலையில் ஒப்பந்தப்புள்ளி கோரியும், அந்த நாளில் ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகியிருக்கவில்லை. ஆறு நீர்மூழ்கிகளில் கை தேர்ந்த வெல்டர்களும் குழாய் பொருத்துநர்களும் மின்பணியாளர்களும் அன்று மாலை என்ன நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்பதை என்னால் உணர முடிகிறது. 1994இல் செய்த பிழையை மறுமுறை செய்ய நமக்கு உரிமை இல்லை.

ஒரு பெரிய கப்பலுக்கு எவ்வளவு காலம் தேவைப்படுகிறது என்பதையும் இளம் அதிகாரிகள் அறிந்திருக்க வேண்டும். கொச்சியில் கட்டப்பட்ட விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு அரசு 2003இல் ஒப்புதல் அளித்தது. கடற்படையில் அது சேர்ந்தது 2022 செப்டம்பர் 2 அன்று. ஒப்புதல் கிடைத்த ஆண்டில் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஒருவர் நாற்பதைத் தாண்டிய பிறகே அதன் தளத்தில் கால் வைத்திருக்க முடியும். 262 மீட்டர் நீளம், சுமார் 45,000 டன் எடை, ஏறத்தாழ ரூ.20,000 கோடி செலவு என்ற விவரங்கள் பரவலாகத் தெரிந்தவை. இதன் கதையில் நான் மிகவும் மதிப்பது எஃகைத்தான். ரஷ்யாவிலிருந்து வர வேண்டிய எஃகு வராத நிலையில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உலோகவியலாளர்களும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 என்ற எஃகை உள்நாட்டிலேயே உருவாக்கினர். அதற்கேற்ற வெல்டிங் ராடுகளையும் வெல்டிங் முறைகளையும் புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் காலம் பிடித்தது உண்மை; ஆனால் அதற்குப் பின்னர் நாட்டின் பல தளங்களில் எழுந்த போர்க்கப்பல்களுக்கு அந்த எஃகே உடலானது. இத்தகைய தாமதத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். முடிவெடுக்காமல் கோப்பு மேசையில் கிடந்த தாமதமே வீண். இரண்டையும் பிரித்தறியும் பழக்கம் நம் பொது விவாதத்தில் வர வேண்டும்.

கப்பலை மிதக்கச் செய்வன, நகரச் செய்வன, போரிடச் செய்வன என்று மூன்றாகப் பிரித்து உள்நாட்டுத் தயாரிப்பின் அளவைக் கணக்கிடுவது நம் கடற்படையின் வழக்கம். முதலாவதில் நாம் பெருமளவு தன்னிறைவு கண்டுவிட்டோம். இரண்டாவதில் பாதி வழியில் நிற்கிறோம். மூன்றாவதில் செல்ல வேண்டிய தொலைவு அதிகம். விக்ராந்தை இயக்கும் நான்கு எரிவாயுச் சுழலி (கேஸ் டர்பைன்) எஞ்சின்களும் அமெரிக்க வடிவமைப்பில் உருவானவை. நம் நாசகாரிகள் பலவற்றின் சுழலிகள் உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரில் தயாரானவை; 2022இல் அந்நாட்டின் மீது போர் தொடுக்கப்பட்டபோது உதிரிபாகங்களைப் பற்றிய கவலை நம் தளங்களை வந்தடைந்தது. ரஷ்யாவின் கலினின்கிராடில் கட்டப்பட்டு 2024 டிசம்பரில் நம்மிடம் வந்த துஷில் கப்பல், ரஷ்யத் தளமொன்று உக்ரைனிய எஞ்சினைப் பொருத்திக் கட்டிக் கொடுத்த கப்பல் என்பதை எண்ணினால் நம் சார்பு எவ்வளவு சிக்கலானது என்பது விளங்கும். கல்வரி கடலில் இறங்கியபோது அதற்கென வாங்கத் திட்டமிட்டிருந்த புதிய டார்பிடோக்கள், அதாவது நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் ஆயுதங்கள், இல்லை. அந்தக் கொள்முதல் ரத்தாகிவிட்டதால் பழைய வகை டார்பிடோக்களைக் கொண்டே ஈடுகட்ட வேண்டியிருந்தது. எஞ்சினும் ஆயுதமும் நம் கையில் இல்லாத வரை 175 என்ற எண்ணை எட்டினாலும் அது நம் பலத்தின் முழு அளவாகாது. இதை மேடையில் சொல்வது நாட்டைச் சிறுமைப்படுத்துவதாகாது. கேட்டுக்கொண்டிருக்கும் பொறியியல் பட்டதாரி அதிகாரிகளில் எவரேனும் தம் வாழ்நாள் பணியாக அதை ஏற்கக் கூடும்.

மனிதர்களை உருவாக்குவதும் அவ்வாறே காலம் பிடிப்பது. சுதந்திரம் அடைந்து ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் வரை நம் கடற்படைக்கு ஆங்கிலேய அதிகாரிகளே தலைமை தாங்கினர். 1958 ஏப்ரலில் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், செங்கல்பட்டில் பிறந்த ராம் தாஸ் கட்டாரி. டஃபரின் பயிற்சிக் கப்பலின் முதல் அணி மாணவராக 1927இல் சேர்ந்த அவர், அந்த இடத்தை அடைய 31 ஆண்டுகள் ஆயின. நம் மண்ணில் பிறந்த அவரைத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? இந்த வகையில் நம் பாடநூல்களும் சற்றுக் கவனம் செலுத்தலாம். மாலுமிகளைப் பற்றியும் ஒரு சொல். ஒடிசாவின் சில்காவில் அடிப்படைப் பயிற்சி முடித்து, லோனாவ்லாவின் சிவாஜி தளத்தில் எஞ்சினையும் ஜாம்நகரின் வல்சுரா தளத்தில் மின்னியலையும் கற்று வரும் அந்த இளைஞர்களின் கையில்தான் கப்பல் ஓடுகிறது. அதிகாரிகளிடம் பேசும் தலைவர், அவர்களைக் கேட்டறிந்து முடிவெடுங்கள் என்று சொன்னால் அது வீணாகாது.

போர்க்கப்பல்களை மட்டும் நம்பி ஒரு தளம் பிழைக்க முடியாது என்பதும் நான் கண்ட உண்மை. சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் தளங்கள் ஆண்டு முழுவதும் வணிகக் கப்பல்களைக் கட்டுகின்றன. ஆகவே அங்கு ஆட்களும் பாரந்தூக்கிகளும் சும்மா இருப்பதில்லை. உலக வணிகக் கப்பல் கட்டுமானத்தில் இந்தியாவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இதை உணர்ந்து 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.69,725 கோடி மதிப்பிலான கப்பல் கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருப்பதை மனமார வரவேற்கிறேன். தமிழ்நாட்டில், சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியில் ஏற்கெனவே பெரிய தளம் இயங்குகிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்ற துணைக் கப்பல் பழுதுபார்ப்புக்காக அங்கு வந்தது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும், சென்னையில் ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் உள்ளன. இவ்வளவும் இருக்கும் ஒரு மாநிலத்தில், தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவில் சேரும் மாணவனிடம் நீ நீர்மூழ்கி கட்டலாம் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதே என் வருத்தம்.

ஆகவே அடுத்த அணிவகுப்பில் உரையாற்றப் போகும் தலைவர்களிடம் சிலவற்றை எதிர்பார்க்கிறேன். எத்தனை கப்பல் வரும் என்று சொல்லும்போதே, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எந்தத் தளத்தில் எந்த ஆண்டு எந்தப் பணி தொடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பின் கடைசிக் கப்பல் தளத்தை விட்டு இறங்கும் முன்பே அடுத்த வகுப்பின் முதல் தகடு வெட்டப்படும் என்ற உறுதியைக் கொடுக்க வேண்டும். பழுதுபார்ப்புக்கு உரிய காலத்தில் கப்பல், நீரை வெளியேற்றிப் பழுதுபார்க்கும் உலர்துறைக்கு வரும், பணி நெருக்கடியைக் காட்டி அது தள்ளிப்போடப்படாது என்ற உறுதியும் வேண்டும். புதிய அதிகாரிகள் அனைவரும், பொறியியல் பிரிவினர் மட்டுமின்றி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சில மாதங்களைக் கட்டுமானத் தளத்தில் கழிக்குமாறு செய்யலாம். எக்ஸ்ரே படத்தில் தெரியும் அந்த மயிரிழையைத் தம் கண்ணால் பார்த்த அதிகாரி, பிற்காலத்தில் தலைமையகத்தில் அமர்ந்து ஒரு கோப்பில் கையெழுத்திடும்போது அதன் பொருளை அறிந்திருப்பார். அணிவகுப்பின் முன்வரிசையில் தளங்களின் தொழிலாளர்கள் சிலருக்கும் இடம் ஒதுக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கப்பல் கடற்படையில் சேரும் நாளில் வெளியிடும் செய்தியில், அதற்கு ஒப்புதல் கிடைத்த ஆண்டு, முதலில் குறித்த தவணை, உண்மையில் முடிந்த நாள், உயர்ந்த செலவு, எஞ்சின் எந்த நாட்டினது, அதே தளத்துக்கு அடுத்த பணி கிடைத்துவிட்டதா என்ற விவரங்களையும் தவறாமல் சேர்த்து வெளியிடுங்கள். தூத்துக்குடியில் புதிய தளங்கள் குறித்த பேச்சு நடந்துவரும் இவ்வேளையில், அங்கு எத்தனை தொழிற்பயிற்சி இடங்கள் எந்த ஆண்டில் தொடங்கப்படும் என்று மாநில, மத்திய அரசுகளிடம் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற வெல்டிங் ஆய்வாளர்